மேட்டுச் சாலையும் தேங்கும் தண்ணீரும்



நெடுஞ்சாலை ஓரத் தாமான்கள் சிலவற்றில் மழை விட்ட பிறகும் தண்ணீர் வடிவதில்லை. பழைய சாலைகள் பலவற்றை மண் கொட்டி உயர்த்திக் கட்டினார்கள். அந்த மேடு அணைபோல் தண்ணீரை மறிக்கிறது. தண்ணீர் போக அடியில் பதித்த குழாய்களையும் மண்ணும் குப்பையும் அடைத்துவிடுகின்றன.

தேங்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கலாம். அதிலுள்ள லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி, காலிலுள்ள சிறு கீறல் வழியே உடலுக்குள் புகுந்துவிடும். இனிப்புநீர் உள்ளவர்களுக்குக் காலில் புண் இருப்பதே தெரியாமல் போகலாம்.

தண்ணீரில் இறங்க நேர்ந்தால் ரப்பர் பூட்ஸ் அணியுங்கள். வீடு திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவி, பாதங்களைப் பாருங்கள். அடைப்பை எடுக்க நீங்களே இறங்காதீர்கள். நகராண்மைக் கழகத்திடம் சொல்லுங்கள்.

ஒரு மாதத்திற்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், “வயதாகிவிட்டது, நடந்த வலி” என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள். அன்றே கிளினிக்குக்குப் போங்கள். “தேங்கிய தண்ணீரில் நடந்தேன்” என்று மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே தெரிந்தால் மருந்தில் குணமாக்கலாம். தாமதித்தால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்படலாம்.