கேள்விக்கு ஒரு மணி நேரம்

நம் ஊர்க் கல்லூரிகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒரு நாள் முன்னாள் மாணவர் சந்திப்பு நடக்கிறது. அழைப்பிதழைப் பிரித்தாலே நிகழ்ச்சி எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, வரிசையாக வாழ்த்துரைகள், சிறப்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை. சாப்பாட்டுக்கு முன் கால் மணி நேரம் மிஞ்சினால் கலந்துரையாடல். பெரும்பாலும் மிஞ்சுவதில்லை. திரும்பி வரும் பழைய மாணவர் தம் கல்லூரிக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அந்தக் கலந்துரையாடலில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கு முழுதாக ஒரு மணி நேரம் வேண்டும். மற்றவை சுருங்கினால் குறைவில்லை.

சென்னை மாநிலக் கல்லூரியின் வரலாற்றிலேயே இதற்கு ஆதாரம் இருக்கிறது. 1928-இல் ஜெர்மானிய இயற்பியலறிஞர் அர்னால்ட் சாமர்ஃபெல்ட் அங்கே சொற்பொழிவாற்ற வந்தார். அணு அமைப்பைப் பற்றிய அவருடைய நூலை முன்பே படித்திருந்த மாணவர் சந்திரசேகர், உரையைக் கேட்டதோடு நிற்கவில்லை. சாமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே தேடிப் போனார். அந்த நூல் வந்த பிறகு இயற்பியலே மாறிவிட்டது, குவாண்டம் இயக்கவியல் பிறந்துவிட்டது என்பதை சாமர்ஃபெல்ட் எடுத்துச் சொன்னார். உலோகங்களில் உள்ள எலெக்ட்ரான்களைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையின் அச்சுப் படியையும் கையில் கொடுத்தார். அதைப் பற்றிக்கொண்டு சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை மறு ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியானது. 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர், வழியிலேயே வெண் குறுமீன்கள் எனப்படும் விண்மீன்களின் நிறைக்கு உச்ச வரம்பு உண்டு என்று கணக்கிட்டார். 1983-இல் நோபல் பரிசு பெற்றார். எல்லா மாணவரும் சந்திரசேகர் ஆகிவிட மாட்டார்கள்தான். ஆனால் நேயர்களே, இந்தத் திருப்பம் எங்கே நேர்ந்தது என்று பாருங்கள். மேடையில் அல்ல, உரைக்குப் பிறகு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியபோது. எதிரே இருப்பவர் எதைப் படித்திருக்கிறார், எங்கே நிற்கிறார் என்பது பேச்சாளருக்குக் கேள்வி வந்தால்தான் தெரியும்.

சாமர்ஃபெல்ட் வெளியிலிருந்து வந்த மேதை. பழைய மாணவருக்கு வேறொரு தகுதி உண்டு. அதே ஆய்வகத்தில் நின்றவர், அதே விடுதிச் சாப்பாட்டைச் சாப்பிட்டவர், சில சமயம் அதே தாளில் அரியர் வைத்தவர். நம் கல்லூரிகளில் குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் படிப்பவர்கள் ஏராளம். ‘முதல் பட்டதாரி’ என்று அரசு சான்றிதழே தருகிறது. அவர்களுக்கு வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடையாது. வங்கித் தேர்வுக்கு எப்போது தொடங்குவது, மேற்படிப்புக்குக் கடன் வாங்கலாமா, முதல் வேலையில் மேலாளர் திட்டினால் என்ன செய்வது? இவற்றுக்குப் பாடப்புத்தகத்தில் விடை இல்லை. மூன்று ஆண்டுக்கு முன் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அக்காவோ அண்ணனோ சொன்னால் மனத்தில் பதியும்.

அதனால்தான் மேடையில் ஒரே ஒரு பெரிய மனிதரை உட்கார வைப்பதைவிட, வெவ்வேறு ஆண்டுகளில் படித்த நான்கைந்து பேரைச் சேர்த்து உட்கார வைப்பது மேல். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மே மாத இறுதியில் கூடும் பழைய மாணவர் விழாவில் இப்படிப்பட்ட அமர்வுகளுக்கென்றே இடம் உண்டு. பேராசிரியர் ஒருவர் நெறிப்படுத்துவார்; வெவ்வேறு ஆண்டுகளில் படித்தவர்கள் ஒரே பொருளைப் பற்றிப் பேசுவார்கள். இங்கே அப்படிச் செய்தால், 1980-களில் ஒரே அரசு வேலையில் சேர்ந்து ஓய்வு பெற்றவரும், பத்தாண்டில் நான்கு நிறுவனம் மாறியவரும் ஒருவரையொருவர் மறுத்துப் பேசுவார்கள். மாணவருக்குப் பயன் அந்த மறுப்பில் இருக்கிறது. ஒருவர் மட்டும் பேசினால் அவர் போன பாதைதான் சரியான பாதை என்று தோன்றிவிடும்.

நம் பிள்ளைகள் கேள்வி கேட்க மாட்டார்கள், மைக்கை நீட்டினால் தலையைக் குனிந்துகொள்வார்கள் என்று பேராசிரியர்கள் சொல்வதுண்டு. உண்மைதான். ஆனால் அது ஆர்வக் குறைவு அல்ல. ஆங்கிலத்தில் தப்பாகக் கேட்டுவிடுவோமோ, துறைத் தலைவர் பார்க்கிறாரே என்ற பயம். முதல் நாளே வகுப்பு வகுப்பாகத் துண்டுச்சீட்டு கொடுத்துப் பெயர் போடாமல் தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள். நெறியாளர் அவற்றைப் படித்து வகைப்படுத்தி, கூச்சமான கேள்வியையும் விடாமல் மேடையில் வைக்கட்டும். சம்பளம் எவ்வளவு, சாதி குறுக்கே வந்ததா, கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்னார்களா? மைக்கைப் பிடித்து யாரும் கேட்காத இந்தக் கேள்விகளைச் சீட்டில் எழுதுவார்கள். முதல் மூன்று சீட்டுக்கு நேர்மையான பதில் கிடைத்துவிட்டால், நான்காவது கேள்விக்குக் கை தானாகவே உயரும்.

இன்னொரு மறுப்பு பணத்தைப் பற்றியது. கல்லூரிகளைத் தரமதிப்பிடும் தேசிய அமைப்பான ‘நாக்’கின் மதிப்பீட்டில் முன்னாள் மாணவர் ஈடுபாடு என்று ஒரு பகுதியே இருக்கிறது. நன்கொடைக் கணக்கும் அதில் இடம்பெற்று வந்திருக்கிறது. வந்தவரை மேடையேற்றி மரியாதை செய்யாவிட்டால் கட்டடத்துக்கு யார் கொடுப்பார்கள் என்று நிர்வாகம் கவலைப்படுவது நியாயம். மரியாதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொன்னாடைக்குப் பத்து நிமிடம் போதும். ஒரு மணி நேரம் மாணவர்களின் கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு, அவர்களுக்கு எது இல்லை என்று நேரடியாகத் தெரிந்துவிடும். நூலகத்துக்கு என்ன வேண்டும், யாருக்குக் கட்டணம் கட்ட முடியவில்லை என்பதை அறிந்து கொடுப்பவர் அடுத்த ஆண்டும் கொடுப்பார்.

வெற்றி பெற்றவர்கள்தானே இந்தக் கூட்டங்களுக்கு வருகிறார்கள் என்று சிலர் கேட்பார்கள். இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அழைப்பிதழை யாருக்கு அனுப்புகிறோம் என்பதில்தான் பதில் தொடங்குகிறது. சொந்தக் கடை வைத்து மூடியவர், போட்டித் தேர்வை நான்கு முறை எழுதிக் கிடைக்காமல் வேறு தொழிலுக்குப் போனவர், பிள்ளைகளை வளர்த்துவிட்டு நாற்பது வயதில் வேலைக்குத் திரும்பியவர், இவர்களில் ஒருவராவது அந்த நாற்காலிகளில் இருக்க வேண்டும். செயலாளர் தொலைபேசியில் வற்புறுத்திக் கூப்பிட்டால் வருவார்கள். இந்த ஆண்டு உங்கள் கல்லூரியிலிருந்து அழைப்பு வந்திருந்தால், நிகழ்ச்சி நிரலில் மாணவர்களுக்கு எவ்வளவு நேரம் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். உங்கள் பேட்ச் நண்பர்களையும் கேட்கச் சொல்லுங்கள்.