கோடைச் சுற்றுலா: வண்டி ஏறும் முன் குழுவில் பேசுவோம்

(நாமகிரிப்பேட்டையில் நடந்த குழுப் பிரதிநிதிகள் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



மஞ்சள் வெட்டி, வேக வச்சு, காய வச்சு மண்டிக்கு அனுப்பியாச்சு. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் "எங்காவது கூட்டிட்டுப் போம்மா" என்று கேட்பார்கள். கூட்டிட்டுப் போங்க. வருஷம் முழுக்க அடுப்படி, காடு, மாடு என்று இருக்கிற நமக்கும் ஒரு நாள் வேணும். அதை வீண் செலவு என்று யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒன்று. குழுவில் ஐயாயிரம் கடன் கேட்டால் எதுக்கு, எவ்வளவு, எப்படிக் கட்டுவீங்க என்று எத்தனை கேள்வி கேட்கிறோம்! குடும்பத்தோடு வண்டி ஏறும்போது மட்டும் ஏன் ஒரு கேள்வியும் கேட்பதில்லை?

முதல் கேள்வி, எங்கே போகிறோம்? கொல்லிமலை நமக்குப் பக்கம். அறப்பளீஸ்வரர் கோயில் பார்க்கலாம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கி, திரும்ப ஏறணும். முட்டி வலி இருக்கிற அத்தையை, மாமியாரை அங்கே இறக்கி விடாதீங்க. கோடையில் அருவியில் தண்ணியும் குறைவாக இருக்கும். வயசானவர்களும் கைக்குழந்தையும் வந்தால் மேட்டூர் அணையும் பூங்காவும் சுகம். ஊட்டி, கொடைக்கானல் என்றால் 2024 மே மாதம் இ-பாஸ் முறை வந்தது. கிளம்பும் முன் விசாரிச்சுக்கோங்க.

இரண்டாவது, பணம். சுற்றுலாவுக்குச் சங்கக் கடன் வாங்க வேண்டாம். போய் வந்த களைப்பு ஒரு வாரத்தில் தீரும், தவணை தீராது. வாரம் 20 ரூபாய் தனியாகப் போட்டு வந்தால் 50 வாரத்தில் ஆளுக்கு 1,000 ரூபாய். 12 பேர் சேர்ந்தால் 12,000. சாப்பாட்டுக்குக் கட்டுச்சோறு இருக்கவே இருக்கு.

மூன்றாவது, வண்டி. இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன். வாடகை மிச்சம் என்று குட்டியானையிலும் டிராக்டரிலும் பொண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் ஆஷா ராணி வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. மிச்சம் பிடித்த இருநூறு ரூபாய் அப்போது எதற்கு ஆகும்?

தெரிஞ்சவர் சொந்த வண்டி, வெள்ளை போர்டு, வாடகை குறைவு என்பார்கள். வாடகைக்குப் போவது என்றால் மஞ்சள் போர்டு வண்டியாகவே பாருங்க. எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் நாலையும் காட்டச் சொல்லுங்க. கேட்பது நம் உரிமை, கூச்சப்பட வேண்டாம். மேக்ஸி கேப் வேனில் டிரைவர் தவிர 12 பேர்தான். மடியில் ஒன்று, நடுவில் ஒன்று என்று இருபது பேர் ஏறக் கூடாது. கிலோமீட்டர் வாடகையா, நாள் வாடகையா, பேட்டாவும் டோலும் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி நோட்டில் எழுதிக்கோங்க.

நான்காவது, நேரம். ராத்திரியோடு ராத்திரியாகப் போய் வந்துவிடலாம் என்ற பேச்சே வேண்டாம். 2023 செப்டம்பர் 6 விடியற்காலை, சங்ககிரி பக்கத்தில் நின்ற லாரியில் ஆம்னி வேன் மோதி, ஒரு வயசுக் குழந்தை உட்பட ஒரே குடும்பத்தில் ஆறு பேர் போய்விட்டார்கள். அதுக்கு அஞ்சே நாள் கழிச்சு, செப்டம்பர் 11-ல், தர்மஸ்தலா போய்த் திரும்பிய சுற்றுலா வேன் நாட்றம்பள்ளி பக்கம் பழுதாகி நின்றது. பெண்கள் இறங்கி வேனுக்கு முன்னால் ரோட்டு நடுத்திட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த வண்டி வேனில் மோத, வேன் அவர்கள் மேலே ஏறி ஏழு பெண்கள் இறந்தார்கள். நம்மை மாதிரியே சந்தோஷமாகக் கிளம்பியவர்கள்தான்.

அதனால் வண்டி நின்றால் எல்லாரும் இறங்கி, ரோட்டை விட்டு இடது பக்கம் தள்ளிப் போய் நில்லுங்க. வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் நடுத்திட்டிலும் உட்கார வேண்டாம். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108. இரண்டு நம்பரும் எல்லார் போனிலும் இருக்கணும்.

கடைசியாக, மலை ரோடு. காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவு. சேலத்தில் இருந்து ஏற்காட்டுக்கு 20. 2024 ஏப்ரல் 30-ல் ஏற்காட்டில் இருந்து இறங்கிய தனியார் பஸ் கவிழ்ந்து உயிர்கள் போனதை மறந்திருக்க மாட்டீங்க. மலை ஓட்டிப் பழகின டிரைவரா என்று கேளுங்க. ஏறின கியரிலேயே இறங்கணும், ஏறி வரும் வண்டிக்கு வழி விடணும். பொழுது சாயும் முன் அடிவாரத்துக்கு வந்துடணும். டிரைவரைச் சம்பந்தி மாதிரி கவனிங்க: நேரத்துக்குச் சோறு, மதியம் கொஞ்சம் தூக்கம். பாட்டு, கும்மாளம் எல்லாம் இறங்கின இடத்தில் வச்சுக்கலாம். "வேகமாப் போறீங்க, மெதுவாப் போங்க" என்று சொல்ல ஒரு அக்காவை முன் சீட்டில் உட்கார வையுங்க. ஆம்பளைங்க பேச்சுக்கு நடுவில் நாம் எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம். வங்கி மேனேஜரிடமே பேசுகிறவர்கள் நாம்.

இந்த மாதக் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வையுங்க. இடம், பணம், வண்டி, நேரம், பொறுப்பாளர் என ஐந்தையும் தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சரக்கு வண்டியில் எங்கள் குழு ஏறாது என்று ஆறாவது வரியாகச் சேர்த்துக்கோங்க. போய் வந்த கதையை அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்ல, நாங்கள் எல்லாரும் கேட்கணும்.