குரலைக் காப்பதா, குறையைக் கேட்பதா?

(பாப்பிரெட்டிப்பட்டியில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



ரேடியோவிலும் தொலைக்காட்சியிலும் பேசுகிற ஒருவர்பேரில் பழி எழுமானால் அந்த நிலையத்தார் எவ்விதம் நடந்துகொள்ள வேண்டும் என்பதைப்பற்றி என் அபிப்பிராயத்தைச் சொல்லும்படி நண்பர்கள் கேட்டார்கள். இந்த விஷயத்திற்கும் பாப்பிரெட்டிப்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கின்றது. தருமபுரி வானொலி நம் அடுப்படிவரையில் வந்துவிட்டது. செய்தி வாசிக்கிற முகம் நம் வீட்டுக் கூடத்தில் தினமும் வந்து உட்காருகிறது. முன்பின் தெரியாதவனைத் திண்ணையில் உட்காரவைத்து ஊரையும் பேரையும் விசாரிக்கிற நாம், இந்த முகத்தை ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே விட்டிருக்கிறோம். ஏன்? நிலையத்தாரை நம்பித்தான். ஆகவே அவர்கள் அந்த நம்பிக்கையை என்ன செய்கிறார்கள் என்று கேட்க நமக்குப் பூரண உரிமை உண்டு.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. படித்ததெல்லாம் வாசகசாலையிலும் டீக்கடை பெஞ்சியிலும்தான். ஆதலால் நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள். இல்லையென்றால் இங்கேயே தள்ளிவிட்டுப் போங்கள்.

முதலில் என் சொந்த வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இருபது வயதிருக்கும்போது ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். களத்தில் நெல் காயவைக்கிற ஒரு பெண், கணக்குப்பிள்ளை தன் கையைப் பிடித்து இழுத்ததாக முதலாளியிடம் போய் அழுதாள். முதலாளி கெட்டவரல்ல, தர்மம் செய்கிறவர் என்று பேர் வாங்கினவர்தான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "கணக்குப்பிள்ளை போனால் கணக்கை யார் பார்ப்பது? களத்துக்கு ஆள் நூறு கிடைக்கும்" என்றார். மறுநாள் அந்தப் பெண் வேலைக்கு வரவில்லை. கணக்குப்பிள்ளை வழக்கம்போல் வந்தார். நாங்கள் பத்துப் பதினைந்து ஆண்பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு மூட்டை தூக்கிக்கொண்டிருந்தோம். நானும் வாய் திறக்கவில்லை. கூலி போய்விடும் என்ற பயம்.

தோழர்களே! அந்த முதலாளி சொன்ன இரண்டு வாக்கியங்களை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் பெரிய பெரிய நிலையங்கள் செய்ததெல்லாம் அந்தக் கணக்குத்தான்.

2013-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் சென்னையில் சன் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் செய்தி வாசித்துவந்த ஒரு பெண், தமக்கு மேலிருந்த தலைமை ஆசிரியர் தம்மிடம் முறைகேடாக நடந்ததாகப் போலீசில் புகார் கொடுத்தார். ஆசிரியர் கைதாகிப் பிணையில் வந்தார். சில நாட்களுக்குள் நிர்வாகம் புகார் கொடுத்த பெண்ணையே வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. குற்றம் நடந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. அது கோர்ட்டாரின் வேலை. நான் கேட்பது ஒன்றுதான்: புகார் சொன்னவர் வெளியே நிற்பதைப் பார்த்த மற்றப் பெண்களில் எவராவது அதற்குப்பிறகு வாய் திறப்பார்களா?

அது தனி முதலாளியின் கம்பெனி என்பீர்கள். நம் வரிப்பணத்தில் நடக்கிற ஆல் இந்தியா ரேடியோவைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்தில் ஷாடோல் நிலையத்தில் தற்காலிகமாக அமர்த்தப்பட்டிருந்த 9 பெண் அறிவிப்பாளர்கள் ஓர் அதிகாரிபேரில் புகார் சொன்னார்கள். அதிகாரி டில்லிக்கு மாற்றப்பட்டார். பெண்கள் வேலையையே இழந்தார்கள். 2018-இல் இது பத்திரிகைகளில் அடிபட்டபோது, வேலை போனதற்கும் புகாருக்கும் சம்பந்தமில்லை என்று ரேடியோவின் மேலதிகாரிகள் சமாதானம் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அதிகாரிக்கு வேலை இருந்தது, பெண்களுக்கு இல்லாமல்போயிற்று என்பதை எந்தச் சமாதானமும் மாற்றிவிடாது. களத்துக்கு ஆள் நூறு கிடைக்கும்!

சரி, இது நம் தேசத்தின் கோளாறு, சீமையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று சொல்லும் படிப்பாளிகள் சிலர் உண்டு. அவர்களுக்காக இங்கிலாந்தின் பி.பி.சி.யைப் பார்ப்போம். அங்கே ஜிம்மி சாவில் என்று ஒருவர். குழந்தைகளின் ஆசையைப் பூர்த்திசெய்துவைக்கும் நிகழ்ச்சியை 1975 முதல் 1994 வரை நடத்தினவர். ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் திரட்டினவர். ராஜாங்கத்தார் 'சர்' பட்டம் கொடுத்தார்கள். 2011 அக்டோபரில் செத்தார். உடனே பி.பி.சி.யின் சொந்தச் செய்தியாளர்களே, அவர் சிறு பெண்களைக் கெடுத்தவர் என்பதற்குச் சாட்சிகளைக் கண்டுபிடித்தார்கள். நிலையம் என்ன செய்தது? அந்தச் செய்தியை ஒலிபரப்பாமல் நிறுத்திற்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவரைப் புகழ்ந்து நிகழ்ச்சி நடத்திற்று. அடுத்த அக்டோபரில் போட்டித் தொலைக்காட்சி ஒன்று உண்மையை வெளியிட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. பி.பி.சி. வேலை சம்பந்தமாக மாத்திரம் அவரால் கெடுக்கப்பட்டவர்கள் 72 பேர் என்று, ஒரு முன்னாள் பெண் நீதிபதி நடத்திய விசாரணை 2016-இல் சொல்லிற்று.

எழுபத்திரண்டு பேர்! இத்தனை வருஷம் ஒருவருக்கும் தெரியாதா? வதந்தியாகப் பலருக்குத் தெரியும். ஆனால் பேர்பெற்ற ஆளாயிற்றே, தர்மவானாயிற்றே, அவரா அப்படிச் செய்வார் என்ற பக்தி. தோழர்களே! பக்தி கோவிலுக்குள் மாத்திரம் இருப்பதாக நினைக்காதீர்கள். ஒரு மனிதனைக் கேள்விக்கு அப்பாற்பட்டவனாக எங்கே ஆக்குகிறோமோ, அங்கே ஒரு சிலையை நட்டுவிட்டோம் என்று அர்த்தம். சிலைக்குப் பூசாரிகள் சேர்ந்துவிடுவார்கள். பூசாரிகள் சிலையின்பேரில் சேறு படச் சம்மதிக்கமாட்டார்கள். ஏனெனில் அவர்கள் பிழைப்பு அதில் இருக்கிறது.

நிற்க, இதற்கு நேர்மாறான தப்பிதமும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டியது யோக்கியர்கள் கடமை. சாவில் விஷயத்தில் அவமானப்பட்ட அதே பி.பி.சி., அடுத்த மாதமே, 2012 நவம்பரில், வேறொரு பெரிய மனிதர் குழந்தைகளைக் கெடுத்ததாகப் பெயர் சொல்லாமல் ஜாடையாக ஒலிபரப்பிற்று. ஜனங்கள் பெயரை ஊகித்துப் பரப்பினார்கள். முடிவில் ஆள் தவறு என்று தெரிந்தது. பழி சுமந்தவர் மக்ஆல்பைன் பிரபு என்ற கிழவர். யாதொரு குற்றமும் செய்யாதவர். நிலையம் மன்னிப்புக் கேட்டு 1,85,000 பவுண்டு கொடுத்தது. தலைமை அதிகாரி பதவியேற்ற 54-ஆம் நாள் வெளியேறினார். முன்னே விசாரிக்காமல் மூடிற்று. பின்னே விசாரிக்காமல் கொட்டிற்று. இரண்டிலும் இல்லாமல்போனது ஒன்றுதான்: விசாரணை. பகுத்தறிவு என்று நாம் சொல்லுவதற்கு இதைத்தவிர வேறு அர்த்தமில்லை. பேர் அத்தாட்சியல்ல, வதந்தியும் அத்தாட்சியல்ல.

இவ்வளவு பட்ட பிறகாவது புத்தி வந்ததா? ஹியூ எட்வர்ட்ஸ் என்பவர் பி.பி.சி.யின் தலைசிறந்த செய்தி வாசிப்பாளர். 2022-இல் எலிசபெத் ராணி இறந்த செய்தியை உலகத்திற்குச் சொன்ன குரல் அவருடையது. 2023 மே மாதத்தில் ஒரு குடும்பத்தார் அவர்பேரில் குறை சொல்லிக்கொண்டு நிலையத்திற்கு வந்தார்கள். நிலையம் ஒரு மின்னஞ்சல் அனுப்பிற்று, பிறகு ஒருதரம் தொலைபேசியில் கூப்பிட்டது, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஜூலையில் ஒரு பத்திரிகை வெளியிடப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் எட்வர்ட்ஸையே கேட்டார்கள். பத்திரிகை பெயரைப் போடவில்லை; நிலையமும் சொல்லவில்லை. ஆகவே அங்கே வேலைசெய்த மற்ற ஆண்கள், "அது நான் அல்ல, நான் அல்ல" என்று வெளியில் வந்து சொல்லிக்கொள்ள வேண்டிய கதி ஏற்பட்டது. அந்த முதற் புகாரில் குற்றம் நடந்ததாகத் தெரியவில்லை என்று போலீசார் சொல்லிவிட்டார்கள். அதையும் நாம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேறொரு விஷயத்தில், குழந்தைகளின் ஆபாசப் படங்களை வாங்கிவைத்த குற்றத்திற்காக அதே வருஷம் நவம்பரில் கைதானார். 2024 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். செப்டம்பரில் 6 மாதத் தண்டனை, இரண்டு வருஷத்திற்கு நிறுத்திவைத்து, விதிக்கப்பட்டது. கைதான சேதி நிலையத்தாருக்கு அப்போதே தெரியும். அப்படியிருந்தும் 2024 ஏப்ரலில் அவராக ராஜினாமாச் செய்கிறவரை சம்பளம் போய்க்கொண்டிருந்தது. பிற்பாடு சுமார் 2,00,000 பவுண்டைத் திருப்பிக் கொடு என்று கேட்டார்கள். நம் பணத்தில் இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். அது அந்த தேசத்து ஜனங்கள் வீட்டுக்கு வீடு கட்டுகிற லைசென்ஸ் பணம்!

இனி, என்ன செய்யவேண்டும் என்பதற்கு வருகிறேன். குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

முதலாவது, புகார் வந்த அன்றே அதைக் கேட்கவேண்டும். பத்திரிகையில் வருகிறவரையில் காத்திருப்பது விசாரணையாகாது, பத்திரிகைக்குப் பயப்படுவதேயாகும்.

இரண்டாவது, விசாரணை முடிகிறவரையில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒலிபெருக்கியைவிட்டு ஒதுங்கி நிற்கவேண்டும். இது தண்டனையல்ல. குற்றமற்றவர் என்று தெரிந்தால், எந்த வாயால் ஒதுங்கினார் என்று சொன்னார்களோ அதே வாயால் நிரபராதி என்று சொல்லி, மாலைபோட்டு அழைத்துவரட்டும். புகார் சொன்னவரை ஒதுக்குவதுதான் அக்கிரமம்.

மூன்றாவது, விசாரிக்கிறவர் வெளியாராக இருக்கவேண்டும். இதை உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. வாச்சாத்தி நமக்கு எத்தனை தூரம்? 1992 ஜூன் 20-ந் தேதி அங்கே 18 பெண்கள் சர்க்கார் ஆட்களால் கெடுக்கப்பட்டபோது, சர்க்கார் அதிகாரிகள் அப்படியொன்றும் நடக்கவேயில்லை என்றார்கள். ஹைக்கோர்ட்டு தலையிட்டு 1995-இல் சி.பி.ஐ. வசம் ஒப்படைத்த பிறகுதான் உண்மை வெளியில் வந்தது. 2011-இல் தருமபுரிக் கோர்ட்டு, குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, 215 பேருக்கும் தண்டனை கொடுத்தது. 2023-இல் ஹைக்கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. வனத்துறையானாலென்ன, வானொலியானாலென்ன? தன் வழக்குக்குத் தானே நீதிபதியானால் தீர்ப்பு ஒன்றாகத்தான் இருக்கும்.

நான்காவது, சட்டம் எல்லார் காதிலும் விழவேண்டும். 2013-ஆம் வருஷத்துச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் இடத்தில் ஒரு கமிட்டி இருக்கவேண்டும். அதற்கு ஒரு பெண் தலைவராகவும், பாதிப்பேருக்குக் குறையாமல் பெண்களாகவும், வெளியார் ஒருவர் அங்கத்தினராகவும் இருக்கவேண்டும். புகாரைச் சாதாரணமாக 3 மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கவேண்டும். 90 நாளில் விசாரணை முடியவேண்டும். தற்காலிக ஆளும் தினக்கூலி ஆளும் இதில் அடக்கம். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானால் ஜில்லாக் கமிட்டியிடம் போகலாம். புகாரை நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மாத்திரம் அதைப் பொய்ப்புகார் என்று சொல்லி அந்தப் பெண்ணைத் தண்டிக்கக்கூடாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. தாய்மார்களே! அரிசி ஆலைக்கும் ஜவுளிக்கடைக்கும் போகிற உங்கள் பெண்களுக்கும் இதே சட்டந்தான். வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள்.

ஐந்தாவது, முடிவை நிலையத்தார் தங்கள் வாயாலேயே நமக்குச் சொல்லவேண்டும். குறை சொன்னவரின் பெயரைச் சொல்லவேண்டாம். சட்டமும் அதைத் தடுக்கிறது. ஆனால் ஊரார் வீட்டு ஊழலைத் தினமும் மணிக்கொருதரம் வாசிக்கிற நிலையம், தன் வீட்டு ஊழல் வருகிறபோது மாத்திரம் தொண்டை கட்டிக்கொண்டது என்றால் அதை எவன் நம்புவான்?

"நிலையத்தின் மானம் போய்விடுமே" என்பார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்திலும் பெரிய வீட்டுப் பிள்ளை தப்புச் செய்தால், "ஊர் மானம் போய்விடும், காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடு" என்றுதானே சொல்லுகிறோம்? தப்பு நடந்ததனால் போகாத மானம், தப்பை வெளியில் சொல்வதனால் மாத்திரம் எப்படிப் போகும்? நிலையத்திற்கு மானம் உண்டென்றால், அதன் வாசலில் அழுதுகொண்டு வருகிற கூலிப்பெண்ணுக்கும் மானம் உண்டு. அவளுடையது நிலையத்தாருடையதைவிட ஒரு குன்றிமணி எடைகூடக் குறைந்ததல்ல. சுயமரியாதை என்பது அதுதான்.

கடைசியாக உங்களுக்கும் ஒரு வார்த்தை. ரேடியோக்காரர்களைக் குற்றம் சொல்லிவிட்டு நாம் சும்மா போய்விட முடியாது. நமக்குப் பிடித்த குரல்பேரில் பழி வந்தால், விசாரிக்காமலே "பொய்" என்கிறோம். பிடிக்காத குரலானால் விசாரிக்காமலே "கொல்லு" என்கிறோம். நாம் இப்படி இருக்கிறவரையில் நிலையத்தார் நம் பக்திக்குத் தக்கபடி வியாபாரம் நடத்திக்கொண்டுதான் இருப்பார்கள்.

அந்த ஆலைக் களத்துப் பெண் இன்று எங்கே இருக்கிறாளோ எனக்குத் தெரியாது. அன்றைக்கு நாங்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு, "விசாரித்துச் சொல்லுங்கள், பிறகு தூக்குகிறோம்" என்று சொல்லியிருந்தால், கணக்குப்பிள்ளை குற்றவாளியா இல்லையா என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். சொல்லவில்லை. இனி அப்படி ஒன்று உங்கள் கண்முன்னே நடந்தால், மூட்டையைக் கீழே போடுங்கள் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.