வணங்காமுடி

(திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு உங்கள்முன் நிற்கின்றேன். 'வணங்காமுடி' என்பது அச்சொல்.

வணங்குதல் என்பதன் அடிப்பொருள் வளைதல். வில் வளைவதையும் வணக்கம் என்றே திருக்குறளின் 827-ஆம் பா கூறும். வளைவை 'வணர்' என்றனர் முன்னோர். 'வணங்கா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'முடி' என்பது தலை; அது தலையையுடைய ஆளுக்கு ஆகிவந்தது. 'தலைக்கு ஒரு பழம்' என்கிறோமே, அதுபோல. முடி மணிமுடியுமாம் ஆதலின், எவர்க்கும் பணியாத வேந்தனுக்கு இச்சொல் நன்கு பொருந்திற்று. கூத்து வழக்கிலே துரியோதனனுக்கு இது சிறப்புப்பெயர்.

அங்கேதான் நாம் நின்று எண்ணவேண்டும். துரியோதனன் வளையாமல் நின்றது எதற்கு? பங்காளிக்குரிய மண்ணைக் கொடாமைக்கு! சேரமான் கணைக்கால் இரும்பொறையும் வளையாதவனே. சோழன் செங்கணானிடம் தோற்றுக் குடவாயிற் கோட்டத்துச் சிறையிற் கிடந்தான். தண்ணீர் கேட்டான், காலந்தாழ்த்துத் தந்தனர். அந்நீரைப் பருகாது உயிர்விட்டான். புறநானூற்று 74-ஆம் பாட்டு அவன் பாடியது. இவ்விருவர் வணங்காமையும் ஒன்றாகுமா? குறளின் 9-ஆம் பாவோ, இறைவன் அடியை வணங்காத தலை பயனற்றது என்கிறது. எனவே, வணங்காமை தன்னளவில் பெருமையுமன்று, சிறுமையுமன்று. எதற்கு வணங்கவில்லை என்பதே வினா.

என் பட்டறிவு ஒன்றைச் சொல்லுகின்றேன். சில ஆண்டுகட்கு முன் ஒரு மேடையில், "தமிழர்க்குப் பிடிவாதம் வேண்டும்!" என்று முழங்கினேன். பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, பிடி தமிழ், வாதம் வடசொல் அல்லவா?" என்றாள். நான் ஒப்பவில்லை. "நீ இன்னும் படிக்கவேண்டும், அம்மா" என்றேன். அவை சிரித்தது. அவள் தலைகுனிந்து அமர்ந்தாள்.

வீடு சென்று அகரமுதலியைப் புரட்டினேன். அவள் சொன்னதே உண்மை. 'விடாப்பிடி' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்க, கலப்புச்சொல்லைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்! அடுத்த கூட்டத்தில் அவளைத் தேடினேன். வரவில்லை. அதன் பின்னும் வரவே இல்லை.

அன்று நான் வணங்க மறுத்தது பகைக்கன்று, உண்மைக்கு. தமிழுக்காக எழுந்த ஒரு தலையைக் குனியவைத்தவன் நான். வணங்காமுடி என்னும் பெயர் அச்சிறுமிக்கே உரியது.

தோழர்காள்! அஞ்சி வளைவது அடிமைத்தனம். அறிந்து வளைவது வணக்கம். பொருளுக்கும் பதவிக்கும் வளையாதீர்கள். பிழையைச் சுட்டுவது சிறுபிள்ளையே ஆயினும் அங்கு வளையுங்கள். எங்கிருந்தாலும் அவ்விளந்தமிழ்மகளுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், தலைதாழ்த்திச் சொல்லுகின்றேன்:

வணக்கம்!