காதுக்குள் கேட்கும் இரைச்சல்

(தொழிற்சாலை ஊழியர்களுக்கும் குடும்பத்தாருக்கும் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய பேச்சு)



இரத்தச்சோகை, பிரஷர், சீனி வருத்தம் என்று எத்தனையோ பேசிவிட்டோம். காதைப் பற்றி நாம் கூடிப் பேசியதில்லை. காதுக்குள் இரைகிறது என்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லையே! சொன்னால் கிறுக்குப் பிடித்துவிட்டது என்பார்கள், இல்லாவிட்டால் பெக்டரியிலிருந்து எடுத்து மலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை. வெளியில் சத்தமே இல்லாமல் காதுக்குள் 'ஙொய்' என்றோ, சில்வண்டு கத்துவது போலவோ கேட்கும். சிலருக்கு இரண்டு காதிலும், சிலருக்குத் தலைக்குள்ளேயே கேட்பது போல இருக்கும்.

உட்காதில் நத்தை ஓடு போல ஒரு பாகம் இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர் அணுக்கள் உண்டு. சத்தம் வரும்போது அவை அசைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மானாப்புல்லை ஒருநாள் மிதித்தால் மறுநாள் நிமிர்ந்துவிடும். தினமும் அதே இடத்தில் மிதித்தால்? தடம்தான் மிஞ்சும். ரோலர் ரூமிலும் சல்லடை மெசின் பக்கத்திலும் வருசக்கணக்கில் நிற்கிறவர் காதில் நடப்பது அதுதான். செத்த அணு மறுபடி முளைக்காது. செய்தி குறைந்துபோனதும் மூளை தானாகவே வொலியூமைக் கூட்டுகிறது. ஸ்டேசன் பிடிபடாத ரேடியோவில் வொலியூமைக் கூட்டினால் வெறும் இரைச்சல் கேட்குமே, அது மாதிரி.

வேலை முடிந்து லயத்துக்கு வந்தபிறகு காது அடைத்து இரைகிறதா? காலையில் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காது தருகிற எச்சரிக்கை அது. இன்னொரு சோதனையும் இருக்கிறது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடத்துச் சத்தம் காதுக்கு ஆகாது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் வரை நிற்கலாம் என்பது சுகாதாரத் துறையில் வைத்திருக்கும் ஒரு கணக்கு. 88 ஆனால் 4 மணி நேரம், 91 ஆனால் 2 மணி நேரம்தான். வருசா வருசம் ரோதமுனிக்குப் பூசை வைக்கிறோம், மெசினில் கை மாட்டக் கூடாது என்று. காது போகும்போது இரத்தமும் வராது, வலியும் கிடையாது. அதனால்தான் பயமும் இல்லை.

பெக்டரி மட்டுமல்ல. புல்வெட்டும் மெசின் பிடிக்கிறவர்கள், காமன் கூத்துக்குத் தப்படிக்கிற தம்பிமார், திருவிழாவில் லவுட்ஸ்பீக்கருக்குக் கீழேயே பிள்ளையைத் தூங்கப்போடுகிற தாய்மார், எல்லோரும் கவனிக்க வேண்டும். காதில் பஞ்சு வைத்தால் போதாது, அது சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது. காதுமூடியோ நுரைப் பிளக்கோதான் வேண்டும். தலைவர் மூலம் நிர்வாகத்திடம் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லா இரைச்சலும் மெசினால் வருவதில்லை. காதுக்குறும்பி அடைத்தாலும் வரும். அதை எடுத்தால் சரி. அதற்காக ஹேர்பின், தீக்குச்சி, கோழி இறகு எதையும் விட வேண்டாம். சூடான எண்ணெயும் வேண்டாம். டிஸ்பிரின் அளவுக்கு மீறிப் போட்டாலும் இரையும், நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் டொக்டர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே சொல்லுங்கள்.

ஒரு காதில் மட்டும் இரைந்தால், சீழ் வந்தால், தலை சுற்றினால், நாடித் துடிப்போடு சேர்ந்து 'உஸ் உஸ்' என்று கேட்டால், டிஸ்பென்சரியில் துண்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாடியோடு கேட்கும் இரைச்சல் இரத்தச்சோகையாலும் வரலாம், நம்ம தாய்மார் இதை மறக்க வேண்டாம். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால், அல்லது முகம் ஒருபக்கம் கோணினால், அன்றைக்கே போக வேண்டும். காது திடீரென அடைத்துப்போனதற்குத் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால்தான் திரும்பக் கேட்க வாய்ப்பு அதிகம். ஒரு பேர் போனால் போகட்டும்.

இனி, ஏற்கெனவே இரைச்சல் உள்ளவர்களுக்கு. அதை அடியோடு நிறுத்துகிற மாத்திரை கிடையாது. இருக்கிறது என்று சொல்லி யாராவது எண்ணெய் விற்றால் காசைக் கொடுக்காதீர்கள். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு நாளாக ஆக அந்தச் சத்தம் பழகிப்போகும். பெக்டரியில் புதிதாகச் சேர்ந்தவருக்கு விசிறிச் சத்தம் கேட்கும், பழையவருக்கு ஞாபகமே வராது அல்லவா? ராத்திரி அமைதியில்தான் தொல்லை கூடும். அப்போது முழு அமைதி ஆகாது. ரேடியோவை மெல்லிசாக வையுங்கள், இரைச்சலை மூழ்கடிக்கிற அளவுக்கு வேண்டாம். தூக்கம் கெட்டாலும் கவலை கூடினாலும் இரைச்சலும் பெரிதாகத் தெரியும். சாராயம் குடித்தால் தூக்கம் வரும் என்கிறார்கள் சிலர், அது நடுச்சாமத்தில் எழுப்பிவிடும். தேத்தண்ணியை விட வேண்டுமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், நாம் பறித்த கொழுந்துக்கு அந்தப் பழி வேண்டாம்! தூங்கப்போகும் நேரத்தில் மட்டும் குடிக்காமல் இருந்தால் போதும். கேள்வியும் குறைந்திருந்தால், கேட்கும் கருவி இரைச்சலையும் தணிக்கக்கூடும். காது மூக்கு தொண்டை கிளினிக்கில் பார்த்துச் சொல்வார்கள்.

வீட்டார் ஒன்றைக் கவனியுங்கள். கூப்பிட்டும் திரும்பாத மாமனாரைச் 'செவிடு' என்று கத்தாதீர்கள். முன்னுக்கு வந்து, முகம் தெரிய, நிதானமாகப் பேசுங்கள்.

கொஞ்சம் நுரைப் பிளக் கொண்டுவந்திருக்கிறோம். கையைக் கழுவி, விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காதை மேலே இழுத்து உள்ளே வைத்து, அது விரியும் வரை விரலால் பிடிக்க வேண்டும். ரோலர் ரூம்காரர்கள் முதலில் வாங்க, ஒவ்வொருத்தராகப் போட்டுக் காட்டுகிறோம்.