பழைய ஜீப் வாங்கப் போகும் தோழர்களுக்கு

(தேனி மாவட்டத்துக் காலனி ஒன்றில், இளைஞர்கள் கூட்டாகப் பணம் சேர்த்துப் பழைய ஜீப் வாங்க முடிவெடுத்ததையொட்டி நடந்த கூட்டத்தில் பேசியது. பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



வழக்கமாக என்னைக் கவிதை வாசிக்கத்தான் கூப்பிடுவார்கள். நீங்கள் ஜீப் வாங்குவதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சந்தோசம்.

நம்ம தெருவுக்குள்ள ஜீப் வந்தா என்ன அர்த்தம்? ஒன்னு போலீசு. இல்லேன்னா ஜப்தி. இல்லேன்னா ஓட்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வண்டி அது. 1940களின் கடைசியில் மகிந்திரா கம்பெனி அதை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தது. அதிகாரம் மேடு பள்ளம் பார்க்காமல் போய்ச் சேர்வதற்கான வாகனமாகவே இந்த நாட்டில் ரொம்ப காலம் ஓடியது.

நமக்குத் தெரிந்த இன்னொரு ஜீப் இருக்கிறது. விடியுமுன் போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு நம்ம பொம்பளைகளை அடைத்துக்கொண்டு போகிற ஜீப். மடியில் மடியாக உட்கார்ந்து, தூக்குச்சட்டியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போகிற அந்தப் பயணத்தை இங்கே இருக்கிற அக்காமார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வண்டிக்கு பிரேக் இருக்கா, பட்டை உடைஞ்சிருக்கா என்று கேட்கிற உரிமை உட்கார்ந்து போகிறவளுக்குக் கிடையாது. இப்போது நீங்களே ஒரு வண்டி வாங்கப் போகிறீர்கள். கேட்கலாம். ஆகவே கேளுங்கள்.

முதல் கேள்வி வண்டியைப் பற்றியது அல்ல, பாதையைப் பற்றியது. உங்கள் வழியில் மோசமான மூன்று கிலோமீட்டர் எது? அதற்குத்தான் வண்டி. அது வெறும் கல்லும் குழியுமான பாதை என்றால் தரைக்கு மேல் உயரமாக நிற்கிற, பின்சக்கரம் மட்டும் இழுக்கிற டீசல் வண்டியே போதும். மழையில் வழுக்குகிற செம்மண் ஏற்றம் என்றால் ஃபோர் வீல் வேண்டும். ஆசைக்காக ஃபோர் வீல் வாங்காதீர்கள். முன் அச்சு, கூடுதல் கியர் பெட்டி, இன்னொரு ஜாயின்ட் ராடு, எல்லாம் தேயும், எல்லாத்துக்கும் செலவு இருக்கு.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. ஜீப் மாதிரி இருக்கிறதெல்லாம் ஃபோர் வீல் இல்லை. கமாண்டர், மார்ஷல், பொலிரோ இவற்றில் பெரும்பாலானவை டூ வீல்தான். ஃபோர் வீலாகப் பிறந்த வண்டியிலும் முன்பக்க ராடைக் கழற்றி விற்றுவிட்டு, லீவரை மட்டும் அழகுக்கு விட்டிருப்பான். புரோக்கர் லீவரைத் தட்டிக் காட்டி, “பாருங்க தம்பி, ஃபோர் வீல்” என்பான். நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். பிறகு மண் தரையில் ஃபோர் வீலைப் போட்டு, லோ கியரில், நேராக ஓட்டச் சொல்லுங்கள். தார் ரோட்டில் போட்டு வளைக்கக் கூடாது. இந்த வண்டிகளில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில்தான் சுற்றும், திருப்பத்தில் முறுக்கிக்கொண்டு பாகம் உடையும். ஜிப்சி என்றால் முன்சக்கரக் குடத்தில் பூட்டு இருக்கும், கையால் திருப்பிப் பூட்டின பிறகுதான் முன்சக்கரம் இழுக்கும். ஒரு இறக்கத்தில் லோ முதல் கியரில் பிரேக் தொடாமல் இறங்குங்கள். கியர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் பெட்டி தேய்ந்துவிட்டது, பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம்.

ஜிப்சியா, மகிந்திராவா? 1985இல் வந்த ஜிப்சி லேசான வண்டி, சேற்றில் நன்றாக ஏறும். ஆனால் பெட்ரோல் குடிக்கும், பொதுமக்களுக்கான விற்பனையும் 2019இல் நின்றுபோனது. பழைய மகிந்திரா டீசல் இரைச்சல் போடும், உடம்பு வலிக்கும். ஆனால் சின்ன ஊர் ஒர்க்‌ஷாப்பிலும் அதைப் பிரித்து மாட்ட ஆள் இருக்கிறான். 2010க்குப் பிறகு வந்த தார் உங்கள் பணத்துக்கு எட்டாது. உங்களுக்கு நான் சொல்வது பழைய டீசல்தான்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறான். ஆறிய எஞ்சின் எத்தனை சுற்றில் பிடிக்கிறது என்று பாருங்கள். ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால், புகை குபுகுபு என்று அடித்து வரக்கூடாது. வந்தால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. சூடான பிறகும் நீலப் புகை விட்டால் ஆயில் எரிகிறது.

எஞ்சினைக்கூட இறக்கி வேலை பார்த்துவிடலாம். சேசிஸ்தான் முதுகெலும்பு. அடிப்பகுதிக்குப் புதுசாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டுகிற இடம், ஸ்டியரிங் பெட்டி உட்காருகிற இடம், இந்த இரண்டிலும் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பற்று வைத்த வண்டி, இருபது பேரை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் திரும்புகிற வண்டி அல்ல. எந்த வண்டியும் இருபது பேரை ஏற்றுவதற்கானது இல்லை என்பது வேறு விசயம், அதற்கு வருகிறேன்.

மெக்கானிக்கை நீங்களே கூட்டிப் போங்கள். புரோக்கர் காட்டுகிற மெக்கானிக் வேண்டாம். பத்து வயசிலேயே படிப்பை விட்டு ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் துடைத்த நம்ம ஆளுங்க எத்தனை பேர் இருக்காங்க! அவர்களில் ஒருத்தருக்கு ஒருநாள் கூலியை முழுசாகக் கொடுத்துக் கூட்டிப் போங்கள். “நம்மாளுதானே” என்று டீயோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் உழைப்பும் உழைப்புதான்.

இனி என் தொழில். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து நான் பார்ப்பது காகிதங்களைத்தான். நம்ம சனம் வண்டியில் ஏமாறுவதைவிடக் காகிதத்தில் ஏமாறுவது அதிகம். ஆர்.சி.யில் ஹெச்.பி. என்று பைனான்ஸ் பேர் இருந்தால், கடன் முடிந்த தடையின்மைச் சான்றும் கையெழுத்தான படிவம் 35ம் வராமல் பணம் கொடுக்காதீர்கள். “கடன் எப்பவோ முடிஞ்சிருச்சு” என்பது காகிதம் ஆகாது. சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் நம்பரும் அப்படியே. எஞ்சின் மாற்றிய வண்டி என்றால் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். கம்பெனி செய்த அமைப்பை மாற்றிக் கட்டிய வண்டிக்குப் பதிவு கேட்க முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய டயர் போட்டு ஜோடித்த ஜீப் பக்கம் தம்பிகள் கண் போகும், அதனால் சொல்கிறேன்.

எல்லையோரம் என்பதால் கேரள நம்பர் வண்டியும் விலைக்கு வரும். அதற்கு அங்கிருந்து படிவம் 28இல் தடையின்மை வாங்கி, இங்கே வரி கட்டி, புது நம்பர் எடுக்க வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்து விலை பேசுங்கள்.

15 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், 5 வருஷத்துக்கு ஒருதடவை. 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டி ஒழியட்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். புது வண்டிக்கு வழியில்லாதவன் என்ன செய்வான் என்பது அந்த எண்ணத்தில் இல்லை.

பணம். உங்களிடம் 2,40,000 ரூபாய் இருக்கிறது என்றீர்கள். அப்படியானால் 1,70,000க்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். மிச்சம் டயருக்கு, கிளட்ச்சுக்கு, பேட்டரிக்கு, இன்சூரன்சுக்கு, பேர் மாற்றத்துக்கு. முழுப் பணத்தையும் விலையாகக் கொடுத்தவன் மூன்றாம் மாசம் வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான். 12 விழுக்காடுதான் என்று பைனான்ஸ்காரன் சொல்வான். 2,00,000க்கு 3 வருஷம் தட்டை வட்டி 72,000. மாதத் தவணை 7,556. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டி மட்டும் முழு அசலுக்கே ஓடும். கணக்குப் பார்த்தால் உண்மை வட்டி ஏறத்தாழ 21 விழுக்காடு. கூடவே படிவம் 29, 30இல் வெற்றுக் கையெழுத்து கேட்பான். பேர் மாற்றுகிற படிவங்கள் அவை. போடாதீர்கள்.

இப்போது அந்த இருபது பேர் விசயம். இன்சூரன்ஸ் சொந்த உபயோகத்துக்கு, போர்டு வெள்ளை, ஆனால் காலையில் தலைக்கு இவ்வளவு என்று ஆள் ஏற்றி ஓட்டுவது. மற்றவர்கள் செய்கிறார்கள், நாமும் செய்யலாம் என்று ஒரு தம்பி சொன்னார். வண்டி கவிழ்ந்தால் பாலிசி நிபந்தனை மீறல் என்று கம்பெனி கையை விரிக்கும். நீதிமன்றம் கட்டச் சொன்னாலும், கட்டிவிட்டு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று சொல்ல முடியும். செத்தது நம்ம அக்கா, கடனாளியாவது நம்ம தம்பி. வாடகைக்கு ஓட்டுவதென்றால் மஞ்சள் போர்டு, பர்மிட், அதற்குரிய பாலிசி, ஆர்.சி.யில் எழுதிய இருக்கை எண்ணிக்கை. அந்தக் கணக்கில் கட்டுப்படியாகுமா என்று வாங்குவதற்கு முன்பே உட்கார்ந்து பாருங்கள். ஆகாதென்றால், ராத்திரி பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் காசு வாங்காமல் ஓடுகிற வண்டியாக மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று பேசுங்கள். அதில் அக்காமார் கருத்தை முதலில் கேளுங்கள், ஏறப்போவது அவர்கள்.

கடைசியாக, யார் பேரில் வாங்குவது? பன்னிரண்டு பேர் பணம் போட்டு ஒருத்தர் பேரில் வாங்கினால் சட்டத்தின் முன் அது அவர் வண்டி. மன்றத்தை 1975ஆம் வருஷச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்து, மன்றத்தின் பேரில் வாங்குங்கள். வாங்கின 30 நாளுக்குள் பேர் மாற்றம் முடிய வேண்டும், இன்சூரன்ஸ் 14 நாளுக்குள். விற்றவர் பேரிலேயே ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். ஒரு டார்ச்சு, பென்சில், வெள்ளைத்தாள், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் எதுவும் அன்றைக்குக் கையில் வேண்டாம். கேள்வி இருந்தால் கேளுங்கள்.