கேட்காமல் வரும் அழைப்புகளும் எமது உரிமையும்
(தீவகத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



மலையகத்து லயத்துக்கும் நெடுந்தீவு வீட்டுக்கும் ஒரு தொல்லை பொதுவாக இருக்கிறது. அங்கே கொழுந்து நிறுக்கிற நேரத்தில் போன் அடிக்கும். இங்கே குறிகாட்டுவானில் படகுக்கு நிற்கிற நேரத்தில் அடிக்கும். புது நம்பர் என்று விட்டுவிடவும் முடியாது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையாக இருக்கலாம், ஆஸ்பத்திரியாக இருக்கலாம். எடுத்தால் கடன் வேண்டுமா, பரிசு விழுந்திருக்கிறது, பாட்டுக்கு ஒன்றை அழுத்துங்கள் என்கிறார்கள். அழுத்தினால் ரீலோட் போட்ட காசு கரைகிறது. நாட்சம்பளக்காரருக்கு அது சின்னக் காசா?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. தபாலிலோ தொலைபேசியிலோ விளம்பரம் அனுப்புவதற்கு எமது சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று விலகும் வழியை ஒவ்வொரு செய்தியிலும் சொல்ல வேண்டும். விலகுவதற்குக் காசு கேட்கக் கூடாது. சட்டத்தை மீறினால் ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். ஆனால் எல்லாப் பிரிவுகளும் உடனே அமுலுக்கு வரவில்லை, திகதி தள்ளிப் போடப்பட்டது. அதனால் நாமே விழிப்பாக இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, தெரியாத குரல் சொல்கிற எந்த எண்ணையும் அழுத்தாதீர்கள். போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்.

இரண்டாவது, உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து, விளம்பரங்களை நிறுத்தவும் காசு வெட்டும் சேவைகளை நீக்கவும் சொல்லுங்கள். தமிழிலேயே கேளுங்கள்.

மூன்றாவது, அதன் பிறகும் வந்தால் திகதி, நேரம், நம்பர் மூன்றையும் கொப்பியில் எழுதி வையுங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுத அது போதும். எழுதத் தெரியாதவர்களுக்குத் தோட்டக் கமிட்டித் தலைவர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, கடன் படிவத்திலும் சீட்டிழுப்புத் துண்டிலும் நம்பர் எழுதுமுன் யோசியுங்கள். கையெழுத்துக்கு மேலே உள்ள சிறிய எழுத்தைப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் உள்ள எமது உறவுகள் 1909 என்ற ஒரே எண்ணில் விளம்பர அழைப்பு வேண்டாம் என்று பதிகிறார்கள். இங்கேயும் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரே எண் வேண்டும், அது தமிழிலும் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்போம். தோட்டமும் தீவும் சேர்ந்து கேட்டால் குரல் கொழும்புக்குக் கேட்கும்.